கண் சிவந்தால் ஒரு போத்தல்: யாருடைய அறியாமை இது?

“சனத்துக்கு அறிவில்லை. தடிமன் எண்டாலும் அன்ரிபயோற்றிக், இருமல் எண்டாலும் அன்ரிபயோற்றிக். பிறகு கிருமி அடங்குதில்லை எண்டு அழுது என்ன பிரயோசனம்?”

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் வாயில் முதலில் வருகிற வசனம் இதுதான். ஒவ்வொரு வருடமும் நவம்பர் 18 முதல் 24 வரை உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு விழிப்புணர்வு வாரம் வைத்திருக்கிறது. அந்த வாரத்தில் கண்ணில் படுகிற சுவரொட்டிகள் பெரும்பாலும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் கதைக்கின்றன. மருந்தை முழுசாக எடு, வைத்தியர் சொல்லாமல் வாங்காதே, மிச்சத்தை அயலட்டைக்குக் கொடுக்காதே. எல்லாமே நோயாளிக்கான கட்டளை. மருந்தைச் செய்தவருக்கும், கப்பலில் இறக்கியவருக்கும், அனுமதி கொடுத்தவருக்கும், விற்றவருக்கும் எழுதின சுவரொட்டியைத் தேடித்தான் பார்க்க வேணும்.

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. சனம் பிழையே விடுறதில்லை எண்டு சொல்ல வரவில்லை. விடுகினம். ஆனால் அந்தப் பிழைக்கு வழிவிட்டுக் கொடுத்த கதவைப் பற்றிக் கதைக்காமல், கதவால் நுழைந்தவரை மட்டும் திட்டுறது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. இதைக் காட்ட உடம்பில் ஒரு சின்ன இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: கண். சின்ன இடம் எண்டதால்தான் எல்லாம் தெளிவாகத் தெரியுது.

வீரியம் வேறு, எதிர்ப்பு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைப்பம். இரண்டையும் போட்டுக் குழப்பி “பொல்லாத கிருமி” எண்டு ஒரே சொல்லில் முடிக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கு.

ஒரு கிருமி உடம்புக்குள் எவ்வளவு சேதம் செய்யும் என்பது அதன் வீரியம். மருந்து போட்டால் அது சாகுமா, சாகாதா என்பது அதன் எதிர்ப்பு. வீட்டுக்குள் புகுந்த கள்ளன் எவ்வளவு மூர்க்கமானவன் என்பது ஒரு கேள்வி. அவன் நாய்க்குப் பயப்படுவானா என்பது இன்னொரு கேள்வி. சாதுவான கள்ளன் நாய்க்குப் பயப்படாமல் இருக்கலாம். மூர்க்கமானவன் நாய் குரைத்த உடனே ஓடலாம். இரண்டு குணமும் ஒரே ஆளில் சேர்ந்தால்தான் வீடு தப்பாது.

கண்ணின் முன்பக்கத்தில், கருவிழிக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் இருக்கு. கோர்ணியா எண்டு சொல்லுவினம். நடுவில் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இரத்தக் குழாய் ஒண்டுகூட இல்லை; இருந்தால் ஒளி உள்ளே போகாது. அதன் இழைகள் ஒரு ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது கண்ணாடி போல இருக்குது. அந்த ஒழுங்கு ஒருக்கால் குலைந்தால், ஆறினாலும் வெள்ளைத் தழும்பாகத்தான் ஆறும். கையில் வந்த தழும்பு ஒரு கதை. கோர்ணியாவின் நடுவில் வந்த தழும்பு பார்வைக்கு முன்னால் தொங்குகிற திரை.

அதனால் கண்ணில் கிருமி செத்ததா எண்டது மட்டும் கேள்வி இல்லை, எப்ப செத்தது எண்டதுதான் கேள்வி.

சூடோமோனாஸ் ஏருஜினோசா எண்ட பற்றீரியாவை எடுங்கோ. தண்ணீர்க் குழாயில், கை கழுவுகிற தொட்டியில், கொன்ராக்ற் லென்ஸ் வைக்கிற டப்பாவில் எல்லாம் வாழக்கூடியது. நல்ல நிலையில் உள்ள கோர்ணியாவை அதனால் இலேசில் ஒண்டும் செய்ய ஏலாது. ஒரு கீறல் வேணும், அல்லது இரவு முழுக்கக் கழற்றாத லென்ஸ் ஒண்டு வேணும். அந்த வாசல் கிடைத்துவிட்டால் அது ஊசி போன்ற ஒரு அமைப்பால் எங்கட கலங்களுக்குள் நேரடியாக நஞ்சைச் செலுத்தும். எக்ஸோ-யூ எண்ட நஞ்சை வைத்திருக்கிற வகைகள் கலத்தின் மென்சவ்வையே உடைத்து அதைக் கொன்றுவிடும். எக்ஸோ-எஸ் வைத்திருக்கிற வகைகள் கலத்துக்குள் புகுந்து ஒளித்திருக்கும். இதற்கு மேலாக, கோர்ணியாவின் இழைகளையே கரைக்கிற நொதியங்களும் அதனிடம் உண்டு. காப்பாற்ற ஓடி வருகிற எங்கட வெண்குருதிக் கலங்களும் தங்கட நொதியங்களைக் கொட்டி மிச்சத்தைக் கெடுக்கும். மோசமான தொற்றில் ஒண்டு இரண்டு நாளிலேயே கோர்ணியா துளைபடக்கூடும்.

இனி எதிர்ப்பு. அதே பற்றீரியாவின் சுவரில் மருந்தை வெளியே இறைக்கிற பம்பிகள் இருக்கு. மருந்து வந்து ஒட்ட வேண்டிய இடத்தை அது மாற்றிக்கொள்ளும். மருந்தையே வெட்டிப்போடுகிற நொதியங்களின் மரபணுக்களை வேறு பற்றீரியாக்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். இது ஒண்டும் கண்ணுக்குச் சேதம் செய்வதில்லை. செய்கிற ஒரே வேலை, நீங்கள் போட்ட மருந்தை வெறும் தண்ணியாக்கிறது.

இப்ப இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ. வீரியம் மணித்தியாலக் கணக்கில் கண்ணைத் தின்னுது. எதிர்ப்பு நாள் கணக்கில் எங்கட நேரத்தைத் தின்னுது. திங்கட்கிழமை கீறல், செவ்வாய் பாமசியில் ஒரு சொட்டு மருந்து, வியாழன் “கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு”, சனிக்கிழமை ஆஸ்பத்திரி. இந்த ஐந்து நாளையும் கிருமிக்குக் கொடுத்தது யார் எண்டதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஹைதராபாத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் தொற்றையும் சாதாரண சூடோமோனாஸ் தொற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடங்காத கூட்டத்தில் கோர்ணியா துளைபட்டது பல மடங்கு அதிகமாக இருந்தது.

போத்தலோடு வந்த கிருமி

“அறிவில்லாத சனம்” எண்ட கதைக்கு 2023 ஆம் ஆண்டு நல்ல பதில் சொன்னது.

அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான தொற்று வெளியில் தெரிய வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் கண்ட கண்ட மருந்தையெல்லாம் வாங்கிப் போட்டவர்கள் இல்லை. அவர்களில் பலர் கண் காய்வதற்காகச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டவர்கள். அது அன்ரிபயோற்றிக்கே இல்லை. கண்ணை ஈரமாக வைத்திருக்கிற ஒரு திரவம், அவ்வளவுதான். எஸ்ரிகெயர் எண்ட பெயரில் கூடுதலாக விற்பட்டது. செய்தது சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த குளோபல் பார்மா ஹெல்த்கெயர் நிறுவனம். பல தடவை திறந்து பாவிக்கிற போத்தல்; ஆனால் கிருமி வளராமல் தடுக்கிற சேர்க்கை எதுவும் அதற்குள் இல்லை.

அந்தப் போத்தலோடு வந்தது சூடோமோனாஸ். அதுவும் மருந்தை வெட்டுகிற இரண்டு நொதியங்களின் மரபணுக்களோடு, கார்பபெனெம் எண்ட கடைசிக்கட்ட மருந்துக்கும் அடங்காத ஒரு வகை. அமெரிக்காவில் அதற்கு முன் பதிவாகாத வகை. அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2023 மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்றியது. 14 பேர் பார்வையை இழந்தார்கள். 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டி வந்தது. 4 பேர் இறந்துபோனார்கள். பெப்ரவரியில் அந்த மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகுதான் அமெரிக்க அதிகாரிகள் அந்தத் தொழிற்சாலைக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். கிருமி நீக்கத்தில் குறை மேல் குறையாக எழுதி வைத்தார்கள்.

இதில் எந்த நோயாளியின் அறியாமை இருக்கு? எந்த நோயாளி மருந்தை அரைவாசியில் நிப்பாட்டினார்? எதிர்ப்புக் கொண்ட கிருமி நோயாளியின் உடம்பில் பிறக்கவில்லை. முத்திரை குத்தின போத்தலில், விலைச்சீட்டோடு, வீடு தேடி வந்தது.

அது எங்கேயோ நடந்த கதை எண்டு நினைக்காதையுங்கோ. அதே 2023 இல் இலங்கையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலர், பிறகு விட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தால் கண்ணில் பாதிப்பு வந்து பார்வையைப் பறிகொடுத்தார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வெளியில் வந்தது. இந்தியாவில் செய்து இங்கே இறக்கின மருந்து. பிறகு பாவனையிலிருந்து நீக்கினார்கள். கண்புரை எடுக்கப் போகிறவர் யார்? பார்வை மங்கின அம்மாக்கள், அப்பாக்கள், தோட்டத்தில் வேலை செய்து களைத்தவர்கள். “மகன், எனக்குத் திரும்பக் கண் தெரியும் எண்டு டொக்டர் சொன்னவர்” எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்கள். சொன்னபடி சொட்டு விட்டவர்கள். சுவரொட்டியில் எழுதின ஒரு கட்டளையையும் மீறாதவர்கள்.

பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. தட்டுப்பாட்டைக் காட்டித்தான் வழமையான பதிவு இல்லாமலே மருந்துகளை இறக்க விசேட அனுமதிகள் கொடுக்கப்பட்டன. அந்தக் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்தது எண்டதை இம்யூனோகுளோபுலின் விவகாரத்தில் நாடே பார்த்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானார். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை எண்டு ஒண்டை வைத்திருக்கிற நாடு இது. சட்டப் புத்தகம் இருக்கு. போத்தலைத் திறந்து உள்ளே என்ன இருக்கு எண்டு பார்க்கிற கைதான் போதாமல் இருக்கு.

பாமசி லாச்சிக்குள் இருக்கிற உலகம்

இனி எங்கட ஊருக்கு வருவம். கண் சிவந்தால் முதலில் முலைப்பால் விடச் சொல்லுவினம். இல்லாட்டி நந்தியாவட்டைப் பூவை ஒத்தச் சொல்லுவினம். அதுவும் சரிவராவிட்டால் பாமசி.

“அண்ணை, கண் கடிக்குது, சிவந்து கிடக்கு. ஏதும் மருந்து இருக்கோ?”

“இந்தாங்கோ, இதை மூண்டு நேரம் விடுங்கோ. ரெண்டு நாளில மாறும்.”

அண்ணை லாச்சியைத் திறந்து தருகிற போத்தலில் குளோரம்பெனிக்கோல் மட்டும் இருந்தால் ஓரளவு பரவாயில்லை. பல நேரம் அன்ரிபயோற்றிக்கும் ஸ்ரெரொயிட்டும் கலந்த கலவை வந்துவிடும். ஏன்? ஸ்ரெரொயிட் விட்டால் சிவப்பு உடனே வடியும். வாடிக்கையாளர் சந்தோசப்படுவார், அண்ணையின் கைராசியைப் புகழுவார். உள்ளே கிருமி இருந்தால், அதை எதிர்க்க வேண்டிய உடம்பின் கையைத்தான் அந்த மருந்து கட்டிப்போட்டிருக்கு. ஹேர்பிஸ் வைரசுப் புண்ணும் பங்கசுப் புண்ணும் ஸ்ரெரொயிட்டில் கொழுத்து வளரும். நீண்ட நாள் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடி வேறு வழியிலும் பார்வை போகும்.

ஊர் முழுக்கப் பரவுகிற கண்ணோயில் பெரும்பகுதி அடினோவைரசால் வருவது. வைரசுக்கு அன்ரிபயோற்றிக் ஒண்டும் செய்யாது. அது தன்பாட்டில் ஒண்டு இரண்டு கிழமையில் மாறும். மாறினதும் பெயர் வாங்குவது போத்தல். அடுத்த முறையும் அதே போத்தல்.

ஆனால் இதை “எங்கட சனத்தின் குணம்” எண்டு எழுதிவிட்டுப் போக ஏலாது. அமெரிக்காவில் 2017 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கண்ணோய்க்காக வைத்தியம் பார்த்த காப்புறுதி உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் அன்ரிபயோற்றிக் சொட்டு வாங்கியிருந்ததாகச் சொன்னது. அப்படி வாங்கினவர்களில் ஐந்தில் ஒருவர் வாங்கினது ஸ்ரெரொயிட் கலந்த மருந்து. அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? பட்டம் பெற்ற வைத்தியர்கள். வைத்தியர் எழுதின துண்டோடு வந்தாலும் தேவையில்லாத மருந்து தேவையில்லாத மருந்துதான். கிருமி துண்டைக் கேட்டுவிட்டுப் பழகிறதில்லை.

அதே நாட்டில் 2009 இலிருந்து கண் கிருமிகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். கண்ணிலிருந்து எடுத்த ஸ்ரெபிலோகொக்கஸ் ஓறியஸ் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மெதிசிலின் வகை மருந்துகள் பலிக்கவில்லை. சாதாரணமாகத் தோலிலும் இமையிலும் குடியிருக்கிற அதன் சொந்தக்காரக் கிருமிகளில் ஏறக்குறைய அரைவாசி அப்படி. இந்த இலக்கங்கள் அவர்களுக்குத் தெரியும், ஏனெண்டால் அவர்கள் எண்ணினார்கள். எங்கட கண்களை யார் எண்ணுகினம்?

சொல்லப்படுகிற நியாயங்கள்

முதலாவது நியாயம்: “ஒரு சொட்டுத்தானே, உடம்பில கலக்காது. அதால எப்பிடி எதிர்ப்பு வரும்?”

கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் கண்ணீர் வடிகிற குழாய் ஒண்டு இருக்கு. விட்ட சொட்டின் ஒரு பகுதி மூக்குக்கும் தொண்டைக்கும் போகும். சில கண் மருந்து விட்டால் தொண்டையில் கைப்பது அதனால்தான். அதைவிட நல்ல சாட்சி வைத்தியர்களிடமே இருக்கு. விழித்திரை நோய்க்காகக் கண்ணுக்குள் மாதா மாதம் ஊசி போடுகிறவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் காவலுக்கு அன்ரிபயோற்றிக் சொட்டு கொடுக்கிற வழக்கம் முன்பு இருந்தது. பிறகு பார்த்தால், அப்படி விட்டவர்களின் கண்ணில் வழமையாக வாழ்கிற கிருமிகளே மருந்துக்கு அடங்காதவையாக மாறிக்கொண்டிருந்தன. இப்ப பல நாடுகளில் அந்தச் சொட்டை நிப்பாட்டி, ஊசிக்கு முன் பொவிடோன் அயடீனால் கழுவுவதோடு விடுகிறார்கள். சாட்சியைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றினார்கள். மாற்ற முடியும் எண்டதற்கு அதுதான் உதாரணம்.

இரண்டாவது நியாயம் கொஞ்சம் கெட்டித்தனமானது: “ஆய்வுகூடம் ‘எதிர்ப்பு’ எண்டு சொல்லுறது இரத்தத்தில் மருந்து இருக்கிற அளவை வைத்து. கண்ணில் நேரடியாக விடுகிற சொட்டில் மருந்து அதைவிடப் பல மடங்கு. அதனால அது எப்பிடியும் கொல்லும்.”

இதில் உண்மை இருக்கு. 0.5 வீத மொக்ஸிபுளொக்சசின் சொட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் மருந்து இருக்கு. அது பெரிய செறிவு. ஆய்வுகூடத்தில் தோற்ற மருந்து கண்ணில் வெல்வதும் உண்டு. ஆனால் கண்ணீர் சில நிமிசத்தில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மருதை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகளை மையமாக வைத்து, பற்றீரியாப் புண் வந்த 500 பேரில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது; முடிவுகள் 2012 இலிருந்து வெளிவந்தன. எல்லாருக்கும் மொக்ஸிபுளொக்சசின் கொடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே அதே குடும்பத்து மருந்தைப் பாவித்திருந்தவர்களின் கிருமிகளை அடக்க, சராசரியாக இரண்டு மடங்கு மருந்துச் செறிவு தேவைப்பட்டது. அந்தச் செறிவு கூடக் கூடப் புண் ஆறுவது பிந்தியது, தழும்பும் பெருத்தது. பாமசி லாச்சிக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் இடையில் உள்ள கோட்டை இதைவிடத் தெளிவாகக் கீற ஏலாது.

மூன்றாவது நியாயத்தைத்தான் நான் உண்மையில் மதிக்கிறேன்: “பாமசியை இறுக்கினால் ஏழைச் சனம் எங்க போறது?”

வெள்ளாமை வெட்டிற நாளில் கண்ணில் நெல்லுச் சுணை பட்ட கூலியாளுக்கு, பட்டணத்துக் கண் கிளினிக் எண்டால் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும், விடிய நாலு மணிக்கு எழும்பி நம்பர் எடுக்க வேணும். இருநூறு, முந்நூறு ரூபாய் போத்தல் அவருக்கு அறியாமை இல்லை, கணக்கு. அவரைத் திட்டுகிற சுவரொட்டிக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

1994 இல் மருதையில் மூன்று மாதத்தில் வந்த 434 கோர்ணியாப் புண்களை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஒரு காயத்தில் தொடங்கியவை. காரணத்தைத் தேடியபோது பற்றீரியாவும் பங்கசும் ஏறக்குறைய சரிபாதி. அதாவது கண்ணை மூடிக்கொண்டு அன்ரிபயோற்றிக் கொடுத்தால் பாதிப்பேருக்கு அது பிழையான மருந்து. மருதையின் கணக்கை அப்படியே கிளிநொச்சிக்குப் பொருத்த ஏலாது. ஆனால் வயலும் சூடடிப்பும் தூசியும் வெயிலும் இரண்டு இடத்திலும் ஒண்டுதான்.

அதற்கு மாற்று இல்லையா? இருக்கு. நேபாளத்தில் பக்தபூரில் கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது கண்ணில் கீறலைக் காட்டுகிற ஒரு சாயம், ஒரு நீல ரோச், குளோரம்பெனிக்கோல் களிம்பு. காயம் பட்டவர் கிராமத்திலேயே அவர்களிடம் வந்தார். கீறல் இருந்தால் மூன்று நாளைக்குக் களிம்பு, அவ்வளவுதான். 2001 இல் முடிவு வெளியானது. கோர்ணியாவில் கீறல் பட்ட 442 பேரில் 96 வீதமானவர்கள் தொற்று இல்லாமல் ஆறினார்கள். 18 மணித்தியாலத்துக்குள் களிம்பு தொடங்கினவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை.

கவனியுங்கோ: அதுவும் அன்ரிபயோற்றிக்தான். பழைய, மலிவான அன்ரிபயோற்றிக். ஆனால் சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில், பார்த்துவிட்டுக் கொடுத்தது. பாமசி லாச்சியிலும் அதே மருந்துதான் இருக்கு. வித்தியாசம் மருந்தில் இல்லை, பார்க்கிற கண்ணில்.

அப்ப யாரிடம் என்ன கேட்கிறது?

இந்தத் தீவுக்கு மருந்தைப் பற்றி யோசிக்கத் தெரியாது எண்டு யாரும் சொல்ல ஏலாது. பேராசிரியர் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்திலேயே, தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், கொம்பனிப் பெயர் இல்லாமல் மருந்துப் பெயரில் வாங்குதல், அரசே மொத்தமாக இறக்குதல் எண்டு ஒரு கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் அதற்காகத்தான் பிறந்தது. உலகம் பிறகுதான் அதைப் பாடமாகப் படித்தது. கண்ணைப் பற்றி யோசிக்கத் தெரியாது எண்டும் சொல்ல ஏலாது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கின கண்தானச் சங்கம் 1964 இல் முதல் தடவையாகச் சிங்கப்பூருக்குக் கோர்ணியா அனுப்பியது. இண்டைக்கு எத்தனையோ நாடுகளில் இலங்கையரின் கண்ணால் உலகம் பார்க்கிறவர்கள் இருக்கினம். செத்த பிறகு கண்ணைக் கொடுக்கிற நாட்டில், உயிரோடு இருக்கிறவரின் கண்ணை ஒரு போத்தலுக்குப் பறிகொடுக்கிறது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு.

அதனால் கேட்க வேண்டியவற்றை நேரடியாகக் கேட்பம்.

ஸ்ரெரொயிட் கலந்த கண் மருந்து, வைத்தியரின் துண்டு இல்லாமல் ஒரு பாமசியிலும் கைமாறக் கூடாது. சட்டம் ஏற்கெனவே அதைத்தான் சொல்லுது. சொன்னதைச் செய்யச் சொல்லிக் கேட்கிறம்.

கண்ணில் விடுகிற எந்த மருந்தும், எந்த நாட்டிலிருந்து எந்த அவசரத்தில் வந்தாலும், கிருமி இல்லை எண்டு இங்கே சோதித்த பிறகுதான் வார்ட்டுக்குப் போக வேணும். ஒரு மருந்தைத் திரும்பப் பெற்றால் அந்த அறிவித்தல் தமிழிலும் அதே நாளில் வர வேணும்.

கோர்ணியாப் புண்ணோடு வருகிறவருக்கு, மருந்து தொடங்க முன் புண்ணைச் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிற வசதி மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வழமையாக வேணும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கினது எண்ட கணக்கை வருடா வருடம் வெளியிட வேணும். அன்ரிபயோற்றிக் எதிர்ப்புக்கு 2017–2022 காலத்துக்கெனத் தேசிய மூலோபாயத் திட்டம் எழுதின நாடு, கண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

வயல் கிராமங்களில் குடும்பநல மாதுவிடமோ சுகாதாரத் தொண்டரிடமோ அந்தச் சாயமும் நீல ரோச்சும் களிம்பும் இருக்கட்டும். பக்தபூரால் ஏலுமெண்டால் பரந்தனாலும் ஏலும்.

எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. அதையும் சொல்லத்தான் வேணும். கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் படம் வடிவாக வரவேணும் எண்டு ஒன்லைனில் கலர் லென்ஸ் வாங்கி, சிநேகிதியோடு மாற்றிப் போட்டு, பைப் தண்ணியில் கழுவி, அசதியில் அதோடேயே நித்திரை கொள்ளுற தலைமுறை எங்கடது. லென்ஸ் போட்டுக்கொண்டு நித்திரை கொண்டால் தொற்று வரும் ஆபத்து பல மடங்கு கூடும். லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்து நொந்தால், வெளிச்சம் கூசினால், அது கண்ணோய் இல்லை எண்டு வைத்துக்கொண்டு அண்டைக்கே வைத்தியரிடம் போக வேணும். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோங்கோ; கிருமி எது எண்டு தேட அது உதவும். வீட்டில் ஆருக்கும் கண்ணில் குத்துப்பட்டு நோகுதெண்டால், “நாளைக்குப் பாப்பம்” எண்டு விடாதையுங்கோ.

2019 இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் எண்டு கணக்கிட்டார்கள். குருடானவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் நோபல் பரிசு வாங்கினபோதே, பெனிசிலினைக் குறைவாகப் பாவித்தால் கிருமி பழகிவிடும் எண்டு எச்சரித்தார். எண்பது வருடமாக அந்த எச்சரிக்கையை நோயாளியின் தலையில் மட்டும் ஏற்றி வைத்திருக்கிறம். போத்தலைச் செய்தவர், இறக்கியவர், அனுமதித்தவர், எழுதியவர், விற்றவர், கடைசியாக விட்டவர் எண்டு ஒரு வரிசை இருக்கு. இந்த வரிசையின் கடைசி ஆளிடம் மட்டும் கேள்வி கேட்கிற வரைக்கும் முன்னால் நிக்கிற ஐந்து பேருக்கும் ஒரு கவலையும் இல்லை.

அடுத்த முறை “சனத்துக்கு அறிவில்லை” எண்டு ஆராவது தொடங்கினால், அந்த ஐந்து பேரின் பெயரையும் கேளுங்கோ.